இரண்டாந்தரம் வந்த பிரசிடெண்டிடம் எதை எதிர்பார்ப்பது?

(செங்கற்பட்டிலும், கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள கரையோர ஊர்களிலும் பேசியதன் சாரம்)



ஒரு தடவை தேர்ந்தெடுக்கப்பட்டு, தவணை முடிந்து, மறுபடியும் ஜனங்களுடைய ஓட்டைப் பெற்று அதே நாற்காலியில் வந்து உட்காருகின்ற ஒரு பிரசிடெண்டு, தமது இரண்டாவது தவணையில் என்ன செய்வார், அவரிடத்தில் நாம் எதை எதிர்பார்க்கலாம் என்பதுதான் இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயமாகும். அமெரிக்காவில் டிரம்ப் என்பவர் 2016ல் ஜெயித்து, 2020ல் தோற்று, 2024ல் மறுபடியும் ஜெயித்து, 2025 ஜனவரி 20ந் தேதி பதவி ஏற்றதிலிருந்து, நம் ஊர் டீக்கடை பெஞ்சுகளில்கூட "இந்தத் தடவை அவர் என்ன செய்வாரோ?" என்கிற பேச்சு அடிபட்டு வந்திருக்கின்றது. அமெரிக்கா நமக்குத் தூரமாயிற்றே, அதைப்பற்றி நமக்கென்ன என்று சிலர் நினைக்கலாம். ஆனால் நம் கிராமத்துப் பஞ்சாயத்துத் தலைவரையும் நாம் "பிரசிடெண்டு" என்றுதானே கூப்பிடுகின்றோம்? வாஷிங்டனில் இருப்பவருக்கும் குப்பத்தில் இருப்பவருக்கும் பட்டம் ஒன்றுதான். நாற்காலியின் குணமும் பெரும்பாலும் ஒன்றுதான். ஆகையால் இது நமது சொந்தக் காரியமேயாகும்.

முதலாவது, "எதிர்பார்ப்பது" என்கிற வார்த்தையையே நாம் சற்று யோசித்துப் பார்க்கவேண்டும். மழையை எதிர்பார்க்கின்றோம், அதில் நியாயமுண்டு, ஏனென்றால் மேகம் நம் பேச்சைக் கேட்பதில்லை. ஆனால் நாமே ஓட்டுப் போட்டு, நமது வரிப்பணத்திலேயே சம்பளமும் வண்டியும் கொடுத்து வைத்திருக்கின்ற ஒருவரைப் பார்த்து, ஜாதகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சனிப்பெயர்ச்சிப் பலன் கேட்பதுபோல, "இவர் இனி என்ன செய்வாரோ?" என்று கேட்பது என்ன யோக்கியதை? எந்த எஜமானனாவது தன் காரியஸ்தனைப் பற்றி அப்படிக் கேட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பானா? எனினும் ஜனங்கள் கேட்கின்றார்கள். ஆகவே நாமும் ஜோசியம் சொல்லாமல், நடந்த சரித்திரத்தைக் கொண்டே பதில் சொல்லப் பார்ப்போம்.

முதல் தவணையும் இரண்டாம் தவணையும்

முதல் தவணையில் ஒரு பிரசிடெண்டுக்கு ஜனங்களிடத்தில் பயமிருக்கும். மறுபடியும் இவர்கள் வாசலுக்குத்தானே ஓட்டுக் கேட்க வரவேண்டும் என்கிற ஞாபகம் இருக்கும். இரண்டாந்தரம் ஜெயித்தவுடன் அந்தப் பயம் இரண்டு விதத்தில் போய்விடுகின்றது. சட்டத்தில் இரண்டு தவணைக்கு மேல் இல்லை என்றிருந்தால், இனி உங்களிடம் வரவேண்டியதில்லை என்கிற தைரியம் வந்துவிடுகின்றது. அப்படிச் சட்டம் இல்லையானால், "இவர்கள் என்னை விட்டு எங்கே போவார்கள்?" என்கிற எண்ணம் வந்துவிடுகின்றது. முதல் வெற்றியை ஜனங்கள் கொடுத்த கடன் என்று நினைத்தவர், இரண்டாவது வெற்றியைத் தமது சொந்தச் சொத்து என்று நினைக்க ஆரம்பிக்கின்றார்.

பயம் போனபின் அவருடைய கண் எங்கே போகும்? ஜனங்களுடைய சோற்றுப்பானைக்குப் போகும் என்று நாம் நினைக்கின்றோம். அங்கே பிறகுதான் போகும். முதலில் போகுமிடம் பூட்டுகள். ஜனநாயகம் என்கிற வீட்டில் மூன்று பூட்டுகள் இருக்கின்றன. ஒன்று, குறித்த காலத்தில் தேர்தல் நடந்தாகவேண்டும் என்பது. இரண்டு, இத்தனை தவணைக்கு மேல் ஒருவர் இருக்கக்கூடாது என்பது. மூன்று, "இது கூடாது" என்று சொல்லத்தக்க நியாயாதிபதியோ, சபை அங்கத்தினரோ, பத்திரிகைக்காரனோ இருப்பது. இரண்டாந்தரம் வருகின்றவர் இவற்றில் எதன்மேல் கை வைக்கின்றார் என்று பார்த்தால் மற்றதெல்லாம் தானே விளங்கிவிடும்.

கடலுக்கு அந்தப் பக்கம்

இதற்குத் தூரதேசம் போகவேண்டியதில்லை. இந்தக் கடலிலே தெற்கே இருக்கின்ற இலங்கையைப் பாருங்கள். ஜெயவர்த்தனா 1977 தேர்தலில் ஆறில் ஐந்து பங்கு ஸ்தானங்களைப் பிடித்து, 1978ல் சகல அதிகாரமும் உள்ள ஜனாதிபதி பதவியை உண்டாக்கித் தாமே அதில் அமர்ந்தார். தமக்கு எதிராக நிற்கத்தக்க சிறீமாவோ பண்டாரநாயகாவின் குடியுரிமைகளை 1980ல் பார்லிமெண்டைக் கொண்டு ஏழு வருஷத்துக்குப் பறித்தாயிற்று. பிறகு 1982 அக்டோபர் 20ந் தேதி தேர்தல். நூற்றுக்கு ஏறக்குறைய 53 ஓட்டு வாங்கி ஜெயித்தார்.

ஜெயித்தவர் செய்த முதல் காரியம் என்ன? தமது கட்சிப் பார்லிமெண்டு அங்கத்தினர்களிடம் தேதி போடாத ராஜினாமாக் கடிதங்களை எழுதி வாங்கி வைத்துக்கொண்டார். மூன்றாவது பூட்டு அத்துடன் திறந்துவிட்டது. சட்டைப்பைக்குள் இருக்கின்ற மனிதன் "கூடாது" என்று எப்படிச் சொல்வான்? அடுத்தது முதல் பூட்டு. 1983ல் நடக்கவேண்டிய பார்லிமெண்டுத் தேர்தலே வேண்டாம், இருக்கின்ற பார்லிமெண்டே இன்னும் ஆறு வருஷம் இருக்கட்டும் என்று, அவசரகாலச் சட்டம் அமுலில் இருக்கும்போதே, 1982 டிசம்பர் 22ந் தேதி ஜனங்களிடம் ஓட்டுக் கேட்டார். சம்மதமென்றால் விளக்குக்கு, சம்மதமில்லையென்றால் குடத்துக்கு! நூற்றுக்கு ஏறக்குறைய 55 பேர் விளக்குக்குப் போட்டதாக முடிவு வந்தது. யாழ்ப்பாண மாவட்டம் பெருவாரியாகக் குடத்துக்குப் போட்டும் பயனில்லை. விளக்குக்குப் போட்டார்கள், நாடு இருட்டாயிற்று. 1977க்குப் பிறகு 1989 வரையில் அந்தத் தேசம் பொதுத்தேர்தலையே பார்க்கவில்லை.

1983 பிப்ரவரி 4ந் தேதி அவருடைய இரண்டாம் தவணை ஆரம்பமாயிற்று. அதே வருஷம் ஜூலை மாதம் கொழும்பில் தமிழர்கள் வீட்டுக்கு வீடு தேடிக் கொளுத்தப்பட்டார்கள், கொல்லப்பட்டார்கள். 24ந் தேதி இரவு ஆரம்பித்த கொலைக்கு, 28ந் தேதிதான் ஜனாதிபதி தேசத்தாரிடம் பேசினார். அந்தப் பேச்சிலும் செத்தவர்களுக்காக ஒரு இரங்கல் வார்த்தை இல்லை. ஆகஸ்டு மாதம், பிரிவினை கேட்பதில்லை என்று சத்தியம் செய்யாதவர்களுக்குப் பார்லிமெண்டில் இடமில்லை என்று சட்டம் வந்து, தமிழர்கள் தேர்ந்தெடுத்தனுப்பிய பிரதிநிதிகளும் வெளியே போனார்கள். அதன் பிறகு படகேறி நம் கரைக்கு வந்தவர்களை நாம் அறிவோம். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்னும் நம் நாட்டு முகாம்களில் இருக்கின்றார்கள்.

தேர்தல் நடந்திருந்தால் கலகமே நடந்திருக்காது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்த வருஷம் ஜனங்களிடம் போய் நிற்கவேண்டிய ஒரு சர்க்கார் நாலு நாள் வாய்மூடி இருக்கத் துணியுமா என்று மாத்திரம் கேட்கின்றோம். பூட்டை உடைத்ததற்கும் வீடு எரிந்ததற்கும் நடுவில் எட்டு மாதம்கூட ஆகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நிற்க, அதே இலங்கையில் அடுத்ததொரு சங்கதி. மகிந்த ராஜபக்சே 2005ல் ஜனாதிபதியானார். 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தது. 2010 ஜனவரி 26ந் தேதி நூற்றுக்கு ஏறக்குறைய 58 ஓட்டுடன் மறுபடியும் ஜெயித்தார். இரண்டு வாரத்துக்குள், எதிர்த்து நின்ற சரத் பொன்சேகா கைது செய்யப்பட்டார். யுத்தத்தை நடத்திக்கொடுத்த இராணுவத் தளபதிக்கே அந்தக் கதி! செப்டம்பர் 8ந் தேதி 18வது திருத்தம் வந்தது. ஒருவர் இரண்டு தவணைக்கு மேல் ஜனாதிபதியாக இருக்கக்கூடாது என்றிருந்த விதியை, 161 பேர் ஆதரவாகவும் 17 பேர் எதிராகவும் கைதூக்கி எடுத்துவிட்டார்கள். ஒரு தம்பி பாதுகாப்புக் காரியதரிசி, ஒரு தம்பி மந்திரி, அண்ணன் சபாநாயகர், மகன் பார்லிமெண்டு அங்கத்தினர்! தம்பி இலாகாவின் மசோதாவுக்கு முட்டுக்கட்டையாகத் தீர்ப்புச் சொன்ன பிரதம நீதிபதி ஷிராணி பண்டாரநாயகா 2013 ஜனவரியில் பதவி நீக்கப்பட்டார்.

மூன்று பூட்டில் இரண்டு போயாயிற்று; இனி தேர்தல் ஒன்றுதானே பாக்கி? அதற்கு ஆஸ்தான ஜோதிடர் நல்ல நாள் குறித்துக்கொடுத்தார். ஏறக்குறைய இரண்டு வருஷம் பாக்கி இருக்கும்போதே, கிரகம் நன்றாயிருக்கின்றது, ஜெயம் நிச்சயம் என்று 2015 ஜனவரி 8ந் தேதி தேர்தல் வைத்தார்கள். தோற்றார். தோற்கடித்தவர் யார்? அவருடைய மந்திரிசபையிலேயே இருந்த, அவருடைய கட்சிக்கே காரியதரிசியாயிருந்த சிறிசேனா. கூட இருந்தவனே எழுந்துபோனது ஜோதிடருடைய கட்டத்தில் இல்லை! அதே 2015ல் 19வது திருத்தத்தின் மூலம் இரண்டு தவணை என்கிற பூட்டைத் திரும்பவும் மாட்டினார்கள். ஜனங்கள் மனம் வைத்தால் உடைந்த பூட்டையும் சரிசெய்யலாம் என்பதற்கு இது அத்தாட்சி.

நம் கரைக்கு வந்தவர்

இனி, நமது மாமல்லபுரத்துக்கே வந்துபோன ஒரு பிரசிடெண்டைப் பார்ப்போம். 2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் சீன ஜனாதிபதி ஷி ஜின்பிங் இங்கு வந்தார். நம் பிரதம மந்திரி மோடி அவர்கள் வேஷ்டி கட்டிக்கொண்டு, அர்ஜுனன் தபசையும், ஐந்து ரதத்தையும், கடற்கரைக் கோயிலையும் காட்டினார். சரிவில் உருளாமல் நிற்கின்ற வெண்ணெய் உருண்டைக் கல்லின் முன்பு இருவரும் கைகோத்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஊர் துடைத்துப் பெருக்கப்பட்டது. காய்கனிகளால் வளைவு கட்டப்பட்டது. விருந்தாளிக்கு மரியாதை செய்ததைப் பற்றி நமக்கு ஆக்ஷேபணை இல்லை.

ஆனால் வந்தவர் யார்? அப்போது அவருக்கும் இரண்டாம் தவணை. இங்கு வருவதற்குப் பத்தொன்பது மாதத்துக்கு முன், 2018 மார்ச்சு 11ந் தேதி, தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் ஜனாதிபதியாக இருக்கக்கூடாது என்று 1982 முதல் இருந்துவந்த விதியை அவருடைய சபை எடுத்துப்போட்டது. ஆதரவு 2,958, எதிர்ப்பு 2. அந்த வாரமே நடந்த தேர்தலில் அந்த இரண்டும் இல்லை. 2,970 ஓட்டும் அவருக்கே. 2023 மார்ச்சில் மூன்றாம் தவணையும் ஒரு எதிர்ப்பில்லாமல் கிடைத்தது. மூவாயிரம் பேர் கூடிய இடத்தில் ஒருவனுக்குக்கூட வேறு அபிப்பிராயம் இல்லையென்றால், அது ஒற்றுமை ஆகுமா, பயம் ஆகுமா? ஒரு வீட்டில் நாலு பேர் இருந்தால் குழம்புக்கு உப்பு விஷயத்திலேயே இரண்டு அபிப்பிராயம் இருக்கின்றதே!

நம் ஊர்ப் பாறைகளைக் குடையச் செய்த மாமல்லனையும், அவனுக்குப்பின் கடற்கரைக் கோயில் கட்டுவித்த இராஜசிம்மனையும் யாரும் ஓட்டுப்போட்டு வைக்கவில்லை, இறக்கவும் முடியாது. அவர்களுக்கு முதல் தவணை, இரண்டாம் தவணை என்பதெல்லாம் கிடையாது. சாகிற வரையில் ஒரே தவணைதான். அந்த முறை வேண்டாம் என்றுதானே மனிதன் ரத்தம் சிந்தித் தேர்தல் என்கிற ஏற்பாட்டைக் கண்டுபிடித்தான்? தவணைக் கணக்கை அழிக்கின்றவர் எவராயிருந்தாலும், அவர் நம்மைத் திரும்பவும் பல்லவராஜன் காலத்துக்குக் கூட்டிப்போகின்றார் என்றே அர்த்தம்.

நல்லவர் என்றால் இருக்கட்டுமே என்பவர்களுக்கு

"மனிதர் நல்லவர், நல்லது செய்கின்றார், எத்தனை தரம் இருந்தால் என்ன?" என்று சில தோழர்கள் கேட்பார்கள். நல்ல கேள்விதான். அதற்கும் சரித்திரம் பதில் சொல்லுகின்றது.

அமெரிக்காவில் ரூஸ்வெல்ட் என்பவர் வேலையில்லாத் திண்டாட்டக் காலத்தில் ஏழைகளுக்கும் கிழவர்களுக்கும் எவ்வளவோ நன்மை செய்தவர். 1936ல் 48 ராஜ்யங்களில் 46ல் ஜெயித்து இரண்டாந்தரம் வந்தார். வந்தவுடனே என்ன செய்தார்? தமது சட்டங்களைச் செல்லாது என்று தள்ளிய சுப்ரீம் கோர்ட்டில், ஒன்பது நீதிபதிகளுக்கு மேல் இன்னும் ஆறு பேர் வரையில் தாமே நியமித்துக்கொள்ள 1937ல் மசோதா கொண்டுவந்தார். நல்லவரே! நோக்கமும் நல்லதே! ஆனாலும் கை போனது மூன்றாவது பூட்டின்மேல்தான். அதைத் தடுத்தது யார்? அவருடைய சொந்தக் கட்சியார் பெருவாரியாக இருந்த செனட் சபையே, "உங்களுக்கு நாங்கள் வேண்டியவர்கள்தான், ஆனால் இது கூடாது" என்கிற விதமாய் மசோதாவைத் திருப்பிவிட்டது. பிறகு அவர் நாலு தரம் தேர்ந்தெடுக்கப்பட்டதைப் பார்த்து, 1951ல் இரண்டு தடவைக்கு மேல் யாரும் தேர்ந்தெடுக்கப்படக்கூடாது என்று சட்டத்திலேயே எழுதிக்கொண்டார்கள்.

நம் தேசத்தில் இரண்டாந்தரம் தேர்தலில் ஜெயித்த ஜனாதிபதி இராஜேந்திர பிரசாத் ஒருவர்தான். 1952லும் 1957லும் ஜெயித்தார். சாதுவான மனிதர். அவர்கூட இரண்டாம் தவணையில், 1960 நவம்பரில் டில்லியில் ஒரு கூட்டத்தில், ஜனாதிபதியின் அதிகாரம் இங்கிலாந்து ராஜாவின் அதிகாரத்தைப் போன்றதுதானா, அதற்குமேலும் உண்டா என்று ஆராயவேண்டுமென்றார். மந்திரிசபையாரும் சட்ட நிபுணர்களும் இணங்கவில்லை. அவரும் 1962ல் மரியாதையாக வீட்டுக்குப் போனார். இலங்கையில் சந்திரிகா குமாரதுங்கா 1999 டிசம்பரில் இரண்டாந்தரம் ஜெயித்தவர், தமது தவணை 2006 வரையில் உண்டு என்று கணக்குச் சொன்னார். 2005 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட், அந்த வருஷம் டிசம்பரோடு முடிகின்றது என்று தீர்ப்புச் சொல்லிற்று, அவரும் போனார்.

இவர்களெல்லாம் ஜெயவர்த்தனாவைக் காட்டிலும் நல்லவர்கள், அதனால் நின்றார்கள் என்று சொல்வது பிசகு. "கூடாது" என்று சொல்ல எதிரில் ஆள் இருந்தான், அதனால் நின்றார்கள். ஆள் இல்லாத இடத்தில் நல்லவனும் நிற்கமாட்டான். நல்லவன் என்பதற்காகப் பூட்டை எடுத்துவிட்டால், அவனுக்குப்பின் வருகின்ற அயோக்கியனுக்கும் அதே திறந்த கதவுதான். பூட்டு ஆளைப் பார்த்து மாட்டுவதல்ல, வீட்டைப் பார்த்து மாட்டுவது.

நமது பிரசிடெண்டுகள்

சரி, இதெல்லாம் பெரிய இடத்துச் சமாச்சாரம். நமக்கென்ன என்று இங்கு ஒருவரும் எழுந்துபோக வேண்டாம். நமது செங்கற்பட்டு மாவட்டத்துக் கிராமங்களில் 2016 அக்டோபரில் பஞ்சாயத்துகளின் தவணை முடிந்தது. தேர்தல் எப்போது நடந்தது? 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில்! வழக்கென்றும் வார்டு வரையறை என்றும் சொல்லி, ஒரு முழுத் தவணைக்காலம் நாம் தேர்ந்தெடுத்த பிரசிடெண்டே இல்லாமல், சர்க்கார் வைத்த ஸ்பெஷல் ஆபீசரைக் கொண்டு ஊர்கள் நடத்தப்பட்டன. ஐந்து வருஷம் தேர்தல் இல்லையே என்று எத்தனை ஊரில் கூட்டம் போட்டுக் கேட்டார்கள்? கோயில் திருவிழா ஒரு வருஷம் நின்றுபோனால் ஊரே திரண்டு சப்கலெக்டர் ஆபீசுக்குப் போகின்றது. தேர்தல் ஐந்து வருஷம் நின்றுபோனால் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போடுகின்றது. இலங்கையில் முதல் பூட்டை உடைக்க விளக்கும் குடமும் வைத்து ஓட்டாவது கேட்டார்கள். இங்கே அதுகூடக் கேட்கவேண்டியதில்லை போலும்!

பஞ்சாயத்துப் பிரசிடெண்டுக்குத் தவணை ஐந்து வருஷம். இத்தனை தரம்தான் நிற்கலாம் என்று சட்டத்தில் தடையில்லை. ஆகவே இரண்டாந்தரமும் மூன்றாந்தரமும் வருகின்றவர்களை நாம் பார்த்துக்கொண்டுதான் இருப்போம். தவணைப் பூட்டு இல்லாத இடத்தில் மற்ற இரண்டு பூட்டையும் அதிக ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ளவேண்டும். அதற்கு 1994ம் வருஷத்துப் பஞ்சாயத்துச் சட்டம் நம் கையில் ஒரு சாவியைக் கொடுத்திருக்கின்றது. அதற்குக் கிராமசபை என்று பெயர். ஜனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் கிராமசபை கூடவேண்டுமென்று ஏற்பாடு. ஓட்டர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதில் அங்கத்தினர். ஆனால் நடப்பதென்ன? நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள், தீர்மானப் புத்தகம் பிறகு வீடுவீடாய்க் கையெழுத்துக்கு வரும். படிக்காமல் கையெழுத்துப் போடுகின்றவன், தேதியில்லாத ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போட்ட இலங்கை அங்கத்தினனைக் காட்டிலும் எந்த விதத்தில் உயர்ந்தவன்?

இரண்டாந்தரம் வந்த பிரசிடெண்டைப் பார்த்து நாம் கேட்கவேண்டியது மூன்றே கேள்வி. போன தவணையில் வந்த பணமெவ்வளவு, எந்த வேலைக்குப் போயிற்று, கணக்குப் புத்தகத்தைக் காட்டுங்கள் என்பது ஒன்று. செக்கில் உங்களோடு கையெழுத்துப் போடுகின்ற உபதலைவர் சுயேச்சையாகப் பார்த்துப் போடுகின்றாரா, நீட்டிய இடத்தில் போடுகின்றாரா என்பது இரண்டு. ஸ்தானம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதாயிருந்தால், பிரசிடெண்டு அந்தத் தாயாரா, அவருடைய புருஷனா என்பது மூன்று. பாதி ஸ்தானம் பெண்களுக்கென்று சட்டம் வந்தும், நாற்காலியில் புருஷன் உட்கார்ந்திருக்க, மனைவி அடுக்களையில் இருந்தால், அந்த ஓட்டு யாருக்கு விழுந்தது? தாய்மார்களே! இதை நீங்களே எழுந்து கேட்டால்தான் உண்டு.

இந்தக் கரையில் கரைவலை இழுக்கின்ற தோழர்களுக்கு நாம் அதிகம் சொல்லவேண்டியதில்லை. வலைக்கு இரண்டு பக்கமும் கயிறு. இரண்டு பக்கமும் ஆள் நின்று இழுக்கவேண்டும். ஒரு பக்கத்தார் கயிற்றை விட்டுவிட்டு, "பாடு எப்படி இருக்குமோ?" என்று கடலைப் பார்த்து எதிர்பார்த்துக்கொண்டிருந்தால் மீன் கரைக்கு வருமா? சர்க்காரும் அப்படித்தான். ஒரு கயிறு பதவியிலிருப்பவர் கையில். மற்றொரு கயிறு நம் கையில். முதல் தவணையில் பிடித்த கயிற்றை, "நம்மவர்தானே மறுபடியும் வந்துவிட்டார்" என்று இரண்டாந்தரத்தில் விட்டுவிடுவதுதான் ஜனங்கள் எங்கும் செய்கின்ற காரியம்.

ஆகவே தோழர்களே! இரண்டாந்தரம் வந்த பிரசிடெண்டிடம் எதை எதிர்பார்க்கலாம் என்று இனி யாராவது கேட்டால், நாம் கயிற்றை விட்டால் அவரிடம் எதையும் எதிர்பார்க்கலாம், விடாவிட்டால் கணக்கை எதிர்பார்க்கலாம் என்று சொல்லுங்கள். அடுத்த கிராமசபை எந்தத் தேதி என்று உங்கள் ஊரில் போய் விசாரியுங்கள். அன்று வேலை இருந்தாலும் போங்கள். போய் உட்கார்ந்து வந்தால் போதாது. எழுந்து நின்று ஒரு கேள்வியாவது கேளுங்கள். முதலில் கேட்கின்றவனைப் பார்த்து நாலு பேர் சிரிப்பார்கள். அடுத்த தரம் அந்த நாலு பேரும் கேட்பார்கள்.